ஊர்ச் சுவரில் ஓவியம்: இடம் தேடுவது முதல் பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் காலியான சுவர் என்று ஒன்று கிடையாது. பார்ப்பதற்கு வெறும் வெள்ளையாக இருக்கும் சுவரின் மூலையில் ஒரு கட்சியின் பெயரும், எந்த ஆண்டு வரை அது தங்களுக்கு என்ற குறிப்பும் எழுதப்பட்டிருக்கும். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டையடித்திருப்பார்கள். அந்தப் பட்டை எங்கே முடிகிறதோ அதுவரை கோயிலின் இடம் என்பது ஊருக்கே தெரியும். யாரும் சிறுநீர் கழித்துவிடக் கூடாது என்பதற்காகப் பிள்ளையாரும் சிலுவையும் மசூதியும் வரிசையாகப் பதித்த டைல்ஸ் இன்னொரு சுவரில் இருக்கும்; பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பறை இருந்திருந்தால் அந்தத் தெய்வங்களுக்கு அங்கே வேலை இருந்திருக்காது. ஆகவே, ஒரு தெருச் சுவரில் ஓவியம் வரைய விரும்புகிறவர்கள், ஏற்கெனவே பலர் உரிமை கொண்டாடும் ஓர் இடத்துக்குள் நுழைகிறோம் என்பதை முதலில் உணர வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்கள், பள்ளி ஆசிரியர்கள், கவின்கலை மாணவர்கள், பகுதி இளைஞர் மன்றங்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வண்ணம் பூசும் முறையை எந்தப் பெயின்ட் கடையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்தச் சுவரில், யாருடைய சம்மதத்துடன், யாருக்காக வரைவது என்பதைக் கடைக்காரர் சொல்லித்தர முடியாது. அதனால் அந்தப் பகுதிக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: சுவரின் வரலாற்றைக் கேட்டறிதல்

ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்தவுடன் அளவு நாடாவை எடுக்காதீர்கள். அந்தச் சுவர் எப்போது, யாரால், எதற்காக எழுப்பப்பட்டது என்பதை அதன் இரு பக்கமும் வசிப்பவர்களிடம் கேளுங்கள். நம் மாநிலத்தில் இந்தக் கேள்வி மிகவும் அவசியமானது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து வைத்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று அரசால் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் ஒன்று அருகிலிருந்த தலித் குடியிருப்பின் மீது சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். அத்தகைய ஒரு சுவரின் மீது பூவும் கிளியும் வரைவது, அந்தச் சுவர் அங்கே நிற்பதற்கு நாமும் ஒப்புதல் அளிப்பதாகிவிடும். பிரிக்கும் சுவர் என்று தெரிந்தால் விலகி விடுங்கள். அதை எதிர்ப்பதற்கான வழி வேறு.

மறைக்கும் சுவர் இன்னொரு வகை. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அகமதாபாத்துக்கு வருவதை ஒட்டி, விமான நிலையச் சாலையோரக் குடிசைப் பகுதியின் முன்னால் அவசரமாக ஒரு சுவர் எழுப்பப்பட்டு, அதன் மேல் வண்ண ஓவியங்களும் தீட்டப்பட்டன. ஓவியத்தில் குறை இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்தில் அது செய்த வேலை, பின்னால் இருந்த மனிதர்களைக் கண்ணில் படாமல் செய்வதுதான். விருந்தினர் வருகைக்காக வண்ணம் பூசுவது எல்லாமே அப்படிப்பட்டதல்ல. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலம் முழுவதும் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டங்களாக மாறியது. ஊரே சென்று நின்று படம் எடுத்துக்கொண்டது. பாலத்தில் எதுவும் மறைக்கப்படவில்லை. எனவே, எவரேனும் உங்களிடம் ஒரு சுவரைக் காட்டி ‘இதை அழகாக்கிக் கொடுங்கள்’ என்று கேட்டால், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று நடந்து சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: வாசலில் இருந்து பார்ப்பவர்களிடம் பேசுதல்

தெருவில் போகிறவர் ஓர் ஓவியத்தை அரை நிமிடம் பார்ப்பார். எதிர் வீட்டில் இருப்பவர் பல்துலக்கும் நேரம் தொடங்கி இரவு கதவைச் சாத்தும் வரை, ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்தாக வேண்டும். முடிவெடுக்கும் முதல் உரிமை அவருக்கே என்பதுதான் என் உறுதியான கருத்து.

இதற்குக் கண்ணகி நகர் நல்ல பாடம். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள், 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய மாமல்லபுரம் சாலைக்கு அருகே, துரைப்பாக்கத்தை அடுத்துக் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளுக்குப் பகுதி பகுதியாக மாற்றப்பட்டன. இன்று அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. வேலை பார்த்த இடமும் பிள்ளைகள் படித்த பள்ளியும் தொலைவில் போயின. அதைவிடக் கொடுமையாக, முகவரியைச் சொன்னாலே வேலை தர மறுக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தெருக்கலையை வளர்க்கும் ‘ஸ்டார்ட் இந்தியா’ அறக்கட்டளை மாநகராட்சியுடன் சேர்ந்து அந்தக் கட்டடங்களின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்களை வரையச் செய்தது. குற்றச் செய்திகளில் மட்டும் அடிபட்ட ஒரு பெயர் கலைச் செய்திகளில் வந்தது. வெளியூர்க்காரர்கள் காமிராவுடன் வந்தார்கள்.

இதில் இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு முகவரியின் மேல் படிந்த இழிவைத் துடைப்பது சிறிய காரியமல்ல. அதைச் சிறிதாகப் பேசுபவர்கள் அந்த முகவரியை விண்ணப்பப் படிவத்தில் எழுத நேராதவர்கள். அதே வேளையில், தண்ணீர், பேருந்து, பட்டா, அருகிலேயே வேலை என்ற கேள்விகளுக்குச் சாயத்தால் பதில் சொல்ல முடியாது. ஆகவே, மறுகுடியமர்வுப் பகுதியில் வரையப் போகும் குழு, முதல் கூட்டத்திலேயே ‘இந்தத் தெருவுக்கு முதலில் என்ன வேண்டும்?’ என்று கேட்டு, வரும் பதிலை எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலை வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனுவாகக் கொடுப்பதை வேலைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாவுக்கு வரும் அதிகாரியிடம் அதே மனுவை மீண்டும் ஒருமுறை கொடுக்கலாம்.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் திரும்பியபின், சுவருக்கு எதிரிலேயே நடத்துங்கள். சமுதாயக் கூடத்தில் நடத்தினால் சங்க நிர்வாகிகள் மட்டுமே வருவார்கள். பெண்களின் கருத்தைத் தனியாகக் கேட்பது நல்லது, குறிப்பாகத் தண்ணீர்க் குழாயடியில்.

நாங்கள் வேலை செய்த ஒரு குடியிருப்பில், மூன்று கூட்டம் கூட்டி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பெரிய பறவையின் வரைபடத்தைச் சுவரெதிரே விரித்துக் காட்டியபோது, தரைத்தளத்தில் வசித்த ஒரு பாட்டி வெகு நேரம் பார்த்துவிட்டு, “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. என் கொடிக்கயிறு எங்கே போகும்?” என்று கேட்டார். பறவையின் கண் வர வேண்டிய இடத்தில், துருப்பிடித்த இரண்டு ஆணிகள் இருந்தன. பதினைந்து ஆண்டுகளாக அவர் துணி உலர்த்தும் இடம் அது. நாங்கள் ஒரு மாதமாக அந்தச் சுவரை அளந்திருந்தும் ஆணிகளை இடையூறாக மட்டுமே பார்த்திருந்தோம். பறவையை நான்கு அடி மேலே ஏற்றினோம். கீழ்ப்பகுதியில் அழுக்குத் தெரியாத ஒற்றை நிறம் பூசினோம். கயிறு அதே இடத்தில் இருக்கிறது.

மூன்றாம் படி: அனுமதியும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும்

பொதுமக்கள் பார்வையில் படும் இடங்களில் எழுதுவதையும் ஒட்டுவதையும் கட்டுப்படுத்த 1959-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. எனவே வாய்மொழிச் சம்மதத்தை நம்பி வண்ணத்தைத் திறக்க வேண்டாம். தனியார் சுவர் என்றால் உரிமையாளரின் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தரும் சம்மதம் போதாது. அரசுக் குடியிருப்பு என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், மேம்பாலத் தூண் என்றால் அதைப் பராமரிக்கும் மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை, நிலையச் சுவர் என்றால் ரயில்வே என்று யாருடைய சொத்தோ அவரிடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். சாரம் சாலைக்குள் வருமானால் போக்குவரத்துக் காவல்துறைக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். எல்லாவற்றின் நகலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேலை நடக்கும் நாளெல்லாம் கையில் வைத்திருங்கள். ரோந்து வரும் காவலர் கேட்கும்போது அதுதான் பேசும்.

ஒப்பந்தத்தில் பலர் விட்டுவிடுவது, ஓவியம் முடிந்த பிறகு அதற்கு என்ன ஆகும் என்பதை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 57-ஆம் பிரிவு, படைப்பு யாருக்கு விற்கப்பட்டிருந்தாலும் அதைச் சிதைத்துத் தன் பெயருக்கு இழுக்கு ஏற்படுத்துவதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979-இல் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். டெல்லி பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சிக் கூடம் 2017-இல் இடிக்கப்பட்டதை எதிர்த்து அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கில், 2019-இல் அதே உயர் நீதிமன்றம், நில உரிமையாளர் தன் கட்டடத்தை முழுவதுமாக இடிப்பதைப் படைப்பாளி தடுக்க முடியாது என்று கூறிவிட்டது. கட்டடச் சுவரில் வரையப்பட்ட ஓவியம் இந்த இரு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வராதிருக்க, ஒரு பக்கத்துக்குள் இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: ஓவியம் குறைந்தது எத்தனை ஆண்டுகள் இருக்கும், அழிக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்பாகக் கலைஞருக்குத் தெரிவிக்க வேண்டும், யார் பராமரிப்பார், படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த யாரைக் கேட்க வேண்டும். பெயின்ட் நிறுவனமோ வங்கியோ பணம் தருகிறது என்றால், அதன் சின்னம் எவ்வளவு பெரிதாக, எங்கே வரும் என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். ஓவியத்துக்குள் சின்னம் வரக் கூடாது, அடியில் ஒரு சிறு பலகை போதும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நான்காம் படி: காலத்தைக் குறித்தல்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் சுவர் வேலை வேண்டாம். மழை நின்று சுவர் காய்ந்தபின், தை பிறந்து பங்குனி முடியும் வரை நல்ல காலம். தேர்தல் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் நடத்தை விதிமுறைகள் நடைமுறைக்கு வரும். ஊழியர்கள் சுண்ணாம்பு வாளியுடன் தெருத் தெருவாக வந்து கட்சிச் சின்னங்களையும் தலைவர்களின் படங்களையும் மறைப்பார்கள்.

ஐந்தாம் படி: வரைபடத்தை ஊர்க் கண்ணால் வாசித்தல்

பள்ளிப் பிள்ளைகளிடம் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், இரண்டு மலை, நடுவில் எழும் சூரியன் என்றுதான் வரைவார்கள். ஒரு தாளில் அது வெறும் காட்சி. தமிழ்நாட்டில் பத்து அடிச் சுவரில் அது உதயசூரியன். கிளையில் இரண்டு இலை மட்டும் துளிர்த்தால் அது ஒரு கட்சி. மாம்பழம், முரசு, தாமரை, விரித்த கை என ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு சொந்தக்காரர் உண்டு. நிறங்களும் அப்படியே. கறுப்பு-சிவப்பு அடுத்தடுத்து வந்தாலோ, தென் மாவட்டங்களில் சில இரண்டு நிறப் பட்டைகள் இணைந்தாலோ, கட்சி அல்லது சாதி என்று ஊர் வாசித்துவிடும். இதற்காக அஞ்சி எல்லாவற்றையும் வெறும் பூக்களாக மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அரசியல் சொல்ல விரும்பினால் தெரிந்தே சொல்லுங்கள். தெரியாமல் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். வரைபடத்தை அந்தத் தெருவின் தேநீர்க் கடையில் ஒரு நாள் முழுக்க ஒட்டி வைத்தால், நீங்கள் கவனிக்காத எல்லாவற்றையும் அங்கு வருபவர்கள் காட்டித் தருவார்கள்.

உயிரோடிருப்பவரின் முகத்தை வரைவதானால் அவரது எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோருடையது. 2021-இல் சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பில், எச்.ஐ.வி. குறித்த விழிப்புணர்வுக்காகச் சாதாரண மனிதர்களின் பெரிய முகங்கள் வரையப்பட்டன. அதுபோன்ற பொருளை எடுத்துக்கொள்பவர்கள், வரையப்படும் ஒவ்வொருவரிடமும் படம் எங்கே, எத்தனை காலம் இருக்கும், யார் யார் பார்ப்பார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். சம்மதித்தவர் வரைவதற்கு முதல் நாள் மறுத்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: சுவரைத் தயார் செய்தல்

உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தாலோ, அடிப்பகுதியில் உப்புப் பூத்து வெள்ளைத் தூள் கையில் ஒட்டினாலோ, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஒரு முறை, திறப்பு விழா நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காக ஓதச் சுவரில் வரைந்தோம். முதல் மழை முடிந்ததும் மூன்றடி உயரம் வரை வண்ணம் அப்பளம் போலக் குமிழிட்டு உரிந்தது. ஓதத்துக்குக் காரணமான குழாய்க் கசிவையோ தேங்கும் நீரையோ சரி செய்யாமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. பல குடியிருப்புகளில் அந்தக் கசிவைச் சரி செய்ய வைப்பதே ஓவியத்தால் கிடைக்கும் முதல் நன்மை.

புதுப் பூச்சு என்றால் 28 நாள் நீராற்றிக் காயவிட வேண்டும். பழைய சுவர் என்றால் சுவரொட்டிகளைத் தண்ணீர் தெளித்து ஊற வைத்துச் சுரண்டி, சுண்ணாம்புப் படலத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் பிடிக்காது. விரிசல்களை வெளிப்புறப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, வெளிப்புறப் பிரைமர் ஒரு கோட் அடித்து ஒரு நாள் விடுங்கள்.

வண்ணக் கணக்கு எளிது. நல்ல வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி வரும். 20-க்கு 12 அடிச் சுவருக்கு அடிவண்ணம் மட்டும் 5 லிட்டர் என்று வையுங்கள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளுப்பவை. காவி, செம்மண் போன்ற ஆக்சைடு நிறங்கள் நீண்ட நாள் நிற்கும். மேற்குச் சுவருக்கு இதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: வரைதல், கூலி, பாதுகாப்பு

பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு வேலை இழந்த சுவரெழுத்துக் கலைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் குழுவில் குறைந்தது ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவியாளராக அல்ல, சம கூலி பெறும் கலைஞராக. எங்களுடன் வந்த ஒரு பெரியவர், நூலை நீலப் பொடியில் புரட்டி, இரு முனையையும் இருவர் பிடிக்க, நடுவில் இழுத்து விட்டார். பட்டென்று ஒரு கோடு விழுந்தது. பிறகு தட்டைப் பிரஷை ஒரே இழுப்பில் சுழற்றி, நான்கடி உயரத்தில் ‘ழ’ எழுதினார். கட்டமில்லை, அழிப்பு இல்லை. சுவரெழுத்து என்ற அந்தக் கலைதான் பல தலைமுறைத் தேர்தல்களை இங்கே நடத்தியது. ‘பெயர் கிடைக்கும்’ என்று சொல்லி யாரையும் இலவசமாக வேலை வாங்காதீர்கள்.

பெரிய படத்துக்குக் கட்டம் போடுவது பழைய முறை. சுவர் முழுவதும் எழுத்துகளையும் கோணல் குறிகளையும் தாறுமாறாகக் கிறுக்கி, அதைப் படமெடுத்து, கைபேசியில் வரைபடத்தை அதன் மேல் படியவைத்து, எந்தக் குறிக்கு அருகில் எந்தக் கோடு என்று பார்த்துப் பார்த்து வரைவது இப்போதைய முறை. இரண்டு மாடிக்கு மேல் இது மிகவும் உதவும்.

சவுக்குக் கட்டைச் சாரம் கட்டுவதைப் பழகிய ஆளிடம் விடுங்கள். பத்து அடிக்கு மேல் ஏறுபவர் அனைவருக்கும் தலைக்கவசமும் பாதுகாப்புப் பெல்ட்டும் கட்டாயம். மின்கம்பி அருகே சென்றால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். பகல் பதினொன்று முதல் மூன்று மணி வரை வெயில் படும் சுவரில் வரையாதீர்கள்; வண்ணம் பிரஷிலேயே காய்ந்துவிடும், ஆளும் வாடிவிடுவார்.

எட்டாம் படி: முடிந்த பிறகு

ஓவியம் வந்தால் இடத்தின் மதிப்பு ஏறும். ஏறிய மதிப்பு யார் பைக்குப் போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பெர்லினின் குரொய்ட்ஸ்பெர்க் பகுதியில், ‘புளூ’ என்ற கலைஞரின் புகழ்பெற்ற இரண்டு சுவரோவியங்கள், 2014 டிசம்பரில் அவருடைய சம்மதத்துடனேயே கறுப்பு மையால் முழுவதும் மூடப்பட்டன. அருகிலிருந்த காலி நிலத்தில் எழவிருந்த கட்டடங்களுக்கு அந்த ஓவியங்கள் விளம்பரமாகிவிடக் கூடாது என்பதே காரணம். நம் ஊரில் அந்த அளவுக்கு வேண்டியிருக்காது. ஆனால் ஓவியத்தைக் காரணம் காட்டி வாடகை ஏறுகிறதா, நடைபாதைக் கடைகள் அகற்றப்படுகின்றனவா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்று விசாரியுங்கள். அகற்றுகிறார்கள் என்றால், அந்தக் கடைக்காரர்களுக்கு ஆதரவாக உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது உங்கள் கடமை.

சுவரொட்டி ஒட்டினால் கோபப்படாமல் ஊற வைத்து எடுங்கள். அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள். அதற்காக, பயன்படுத்திய ஒவ்வொரு வண்ணத்தின் ஷேட் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, மீந்த டப்பாக்களை இறுக மூடி, மூடியின் மேல் தேதி குறித்து, சுவருக்கு எதிர் வீட்டில் இரண்டு பிரஷ்களோடு கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் டப்பாக்கள் அந்தப் பாட்டியின் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பறவையின் சிறகில் யாரோ பந்தடித்து வந்த கறையை, சென்ற ஆண்டு அவருடைய பேத்தியே மறைத்துவிட்டாள்.